பட்டுப்புழுவில் புதுவகை ஈயா? பெயரைத் தெரிந்து மருந்தைத் தேடுங்கள்

பட்டுப்புழுவின் உடலில் சிறு கரும்புள்ளி கண்டதும் 'ஊசி ஈ வந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இப்பெயரில் வழங்கும் ஈக்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எது என்று தெரியாமல் தடுப்பு முறையைக் கையாண்டால் பணமும் உழைப்பும் வீணாகும்.

'உஜி' என்பது ஜப்பானிய மொழியில் ஈயின் புழுவைக் குறிக்கும் சொல். அதுவே நம்மிடம் 'ஊசி' ஆயிற்று. தைக்கும் ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜப்பான் நாட்டு ஈ முட்டையைப் புழுவின் மீது இடுவதில்லை. மல்பெரி இலையில் இடுகிறது. இலையோடு புழு அதை விழுங்குகிறது. இதனை 1886-ல் சசாகி என்ற அறிஞர் விவரித்தார். அத்தகைய ஈக்கு வளர்ப்பு மனையின் ஜன்னலில் வலை கட்டி என்ன பயன்? முட்டை இலைக்கட்டிலேயே உள்ளே வந்துவிடும்.

நம் பகுதி ஈ அப்படியல்ல. வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்த இது, 1980-ல் பட்டுக்கூடுகளுடன் கர்நாடகத்துக்கு வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் பரவியது. நான்காம், ஐந்தாம் பருவப் புழுக்களின் தோல் மீது வெண்ணிற முட்டையை ஒட்டி வைக்கும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரித்து, ஈயின் புழு உள்ளே துளைத்துச் செல்லும். அந்த இடமே கரும்புள்ளி. முன்னதாகத் தாக்கப்பட்ட புழு கூடு கட்டாமலே சாகும். பிந்தித் தாக்கப்பட்டது கூடு கட்டும். ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளியேறுவதால் நூல் அறுபட்டு விலை போகாது. இதற்கு நைலான் வலை நல்ல தடுப்பு. ஈயின் கூட்டுப்புழுக்களை அழிக்கும் 'நெசோலின்க்ஸ் தைமஸ்' என்னும் சிறு குளவியையும் விடலாம்.

பிடித்த ஈயைக் கைலென்சில் பாருங்கள். வீட்டு ஈயைவிடப் பெரியது. சாம்பல் கலந்த கருநிறம். முதுகில் நான்கு கருங்கோடுகள் இருக்கும். வீட்டு ஈக்கும் நான்கு கோடு உண்டு என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஊசி ஈயின் வயிற்றில் விறைத்த முள்மயிர்கள் நிற்கும். செத்த புழுக்களை மொய்க்கும் இறைச்சி ஈக்கு மூன்று கோடுகளே. வயிறு சதுரங்கக் கட்டம் போல் இருக்கும்.

இதற்கு மேல் இனம் பிரிப்பது நிபுணர் வேலை. ஆண் ஈயின் வால்நுனி உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு செய்வார்கள். நம் ஈயை 'எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்' என்றும், 'எக்சோரிஸ்டா சார்பில்லன்ஸ்' என்றும் ஆய்வாளர்களே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

வழக்கத்துக்கு மாறான ஈயாகத் தோன்றினால் பறக்கும் ஈயைப் பிடித்து அனுப்புவதைவிட, தாக்கப்பட்ட புழுவிலிருந்தே அதை வளர்த்தெடுப்பது மேல். எந்தப் புழுவிலிருந்து வந்தது என்பதில் அப்போது சந்தேகம் இராது. புள்ளி விழுந்த நாலைந்து புழுக்களைக் காய்ந்த மண் போட்ட பாட்டிலில் இட்டு, தழை கொடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். வெளிவரும் ஈப்புழு மண்ணில் கூட்டுப்புழுவாகும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ வரும். உடனே கொல்லாமல் ஒரு நாள் விட்டால் இறகும் நிறமும் திடப்படும். ஆண், பெண் இரண்டும் கிடைக்கச் சில ஈக்கள் வேண்டும். பஞ்சில் வைக்காதீர்கள்; காலும் முள்மயிரும் சிக்கி ஒடியும். மெல்லிய காகிதம் பரப்பிய தீப்பெட்டி போதும். ஈ வெளிவந்த வெற்றுக்கூட்டையும் சேர்த்து, ஊர், தேதி, புழுவின் ரகம், பருவம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

உயிருள்ள ஈயையோ அதன் கூட்டுப்புழுவையோ அனுப்பவே கூடாது. 1980-ல் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை கரும்பு விவசாயிகளுக்கு: இளங்குருத்துப் புழுவை அழிக்கும் 'ஸ்டர்மியாப்சிஸ்' ஈயும் இதே குடும்பம்தான். அது நமக்கு நண்பன். முள்மயிர் ஈ என்றதும் வயலில் மருந்தடிக்கப் புறப்பட வேண்டாம்.

தீப்பெட்டியை அருகிலுள்ள பட்டு வளர்ச்சித் துறைத் தொழில்நுட்பச் சேவை மையத்தில் கொடுத்து, ஆய்வு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.