குற்றவாளி கறுப்பு வயர்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் சின்ன அம்ப் போர்டும் புளூடூத் போர்டும் பூட்டி, இரண்டுக்கும் ஒரே ஃபோன் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்திருக்கிறார். மெதுவாக வைத்தால் பாட்டு தெளிவாம். சத்தத்தைக் கூட்டி, தப்பு அடி வந்ததும் ‘புட் புட் புட்’. “எங்கள் லயத்துக்கு வரும் கரண்ட் குறைவு என்கிறார் ஒருவர், போர்டை மாற்று என்கிறார் கடைக்காரர். யாரை நம்ப?”

இருவரையும் நம்ப வேண்டாம். சார்ஜரின் முதுகைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அப்படியானால் 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தாலும் அது 5 வோல்ட்டைத்தான் தரும். போர்டும் அநேகமாக நிரபராதி. என் சந்தேகம், எவரும் திரும்பிப் பார்க்காத கறுப்பு வயர் மீது. சார்ஜரிலிருந்து அதை முதலில் புளூடூத் போர்டுக்கும் அங்கிருந்து அம்புக்கும் சங்கிலியாக இழுத்திருக்கிறார்.

கறுப்பு வயர்தான் எர்த். எர்த் என்றால் பூச்சியம். ஆனால் அது சுற்றுப் படத்தில் மட்டும்தான். உண்மையான வயருக்கு நீளமுண்டு, தடையுமுண்டு. மலிவான மெல்லிய வயர் அரை மீட்டருக்கு 0.1 ஓம் இருப்பது சாதாரணம். தப்பு விழும் கணத்தில் அம்ப் 1 அம்பியர் இழுத்தால், அந்த வயரின் இரு முனைகளுக்கும் நடுவே 0.1 வோல்ட். அற்பம்தான். ஆனால் புளூடூத் போர்டு அனுப்பும் இசையே சில நூறு மில்லிவோல்ட்தானே! அம்ப் அதைத் தன் காலடி எர்த்திலிருந்து அளக்கிறது. காலடியே ஏறி இறங்கினால், அந்த அசைவும் இசை என்றே கணக்காகி, பல மடங்கு பெருக்கப்படுகிறது.

லயத்துக் கானில் ஒரு பையன் தடியை ஊன்றி, மழை எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று வையுங்கள். அதே கானில்தான் அம்மா அண்டாவைக் கவிழ்க்கிறாள். தண்ணீர் ஏறுகிறது, பையன் “மழை!” என்கிறான். மழைத் தண்ணீர் பிடிக்க இன்னொரு அண்டாவையும் காலி செய்கிறாள் அம்மா. கான் இன்னும் ஏறுகிறது, பையன் இன்னும் கத்துகிறான். அண்டாக்கள் தீர்ந்ததும் கான் வடிகிறது, பையன் அடங்குகிறான். அம்மா பீலிக்குப் போய் மறுபடி நிரப்பி வருகிறாள். அண்டா நிரம்பும் நேரந்தான் போர்டிலுள்ள கப்பாசிட்டர் சார்ஜாகும் நேரம். கானின் ஏற்ற இறக்கந்தான் அந்த ‘புட் புட்’. (கானில் ஊறும் அட்டைக்கு இணையாக சுற்றில் எதுவுமில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.)

மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து, அதே கறுப்பு வயரின் இரு முனைகளிலும் தொடுங்கள். ஒரே வயரில் வோல்ட் அளப்பதா என்று பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். தப்பு விழும்போதெல்லாம் எண் துள்ளினால் ஆள் அகப்பட்டுவிட்டார். மாறாக, ஒவ்வொரு ‘புட்’டுக்கும் புளூடூத் போர்டு புதிதாக விழித்து ‘டிங்’ என்றால், கோளாறு சிவப்பு வயரில்: வோல்ட் சரிந்து போர்டு அணைந்து எழுகிறது.

வரலாறில்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: 1923இல் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய சோதனை ஒலிபரப்பில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் ரேடியோ உதிரிகள் பயன்பட்டன. பழைய சாமானில் பாட்டுக் கேட்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

போர்டை மாற்றச் சொல்லும் கடையில் ‘300 வாட்’ பெட்டியைக் காட்டுவார்கள். உங்கள் சார்ஜர் 5 வோல்ட், 2 அம்பியர். ஆக மொத்தம் 10 வாட். இத்தகைய சின்ன அம்ப் போர்டில் பெரும்பாலும் இருக்கும், 5 வோல்ட்டில் ஓடும் பி.ஏ.எம். 8403 சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 3 வாட் தரும், அதுவும் ஒலி கொஞ்சம் கரகரத்தபடி. மிச்சமெல்லாம் அச்சகத்தில் உற்பத்தியான வாட்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்துக்குத் தடித்த வயர் வாங்குங்கள். சிவப்பும் கறுப்பும் சார்ஜரிலிருந்து நேரே அம்பின் பவர் முனைக்குப் போகட்டும். அங்கேயே 1000 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்று, கழித்தல் கோடு கறுப்பின் பக்கம். புளூடூத் போர்டு தன் இரண்டு வயரையும் அதே முனையிலிருந்து எடுக்கட்டும். அம்பின் எர்த் ஏறினால் அதுவும் கூடவே ஏறும், வித்தியாசம் தெரியாது. வயரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸ்பீக்கரின் கழித்தல் முனையை மட்டும் இந்தக் கறுப்போடு சேர்த்துவிடாதீர்கள்: 8403இல் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் அம்ப் வேலை செய்கிறது.