கீழாநெல்லியும் கணிப்பொறியும்

மலாக்கா என்னும் பெயர் ஒரு மரத்தால் வந்ததென்பர். பரமேசுவரன் தான் இளைப்பாறிய மரத்தின் பெயரையே புதிய நகருக்குச் சூட்டினான் என்பது மரபுக் கதை. அம்மரம் வேறன்று, தமிழர் போற்றும் நெல்லியே. அதே இனத்தைச் சேர்ந்த சிறு செடி கீழாநெல்லி. இலைகளின் கீழ்ப்புறம் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் அப்பெயர் பெற்றது. மலாய்க்காரர் இதனை 'டுக்கோங் அனாக்' என்பர். பிள்ளையைச் சுமப்பது என்பது பொருள். மஞ்சட்காமாலை கண்டால் இதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழர் கைமருந்து. அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டத்து மக்களுக்கும் இது புதியதன்று.

இச்செடியின் சத்து நோய்க்கிருமியின் புரதத்தோடு இணைவதாகக் கணிப்பொறி காட்டிவிட்டது என்பது போன்ற செய்திகள் இன்று கைப்பேசிதோறும் உலவுகின்றன. கேட்கும் பெற்றோருக்கு விடை கூற, கணிப்பொறி செய்வது யாது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று.

புரதம் என்பது அமினோ அமிலம் எனப்படும் 20 வகை மணிகளால் கோத்த மாலை போன்றது. அம்மாலை மடிந்து சுருண்டு தனக்குரிய உருவத்தை அடைகிறது. எக்கோணங்களில் அது மடியலாம், எக்கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை 1963ஆம் ஆண்டில் வரைபடமாக வகுத்தளித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர். புரத உருவம் பிழையின்றி அமைந்துள்ளதா என ஆராய்வோர்க்கு இன்றும் அவ்வரைபடமே உரைகல்.

மடிந்த புரதத்தில் குழிகள் உண்டு. பூட்டிற்குச் சாவி பொருந்துவதுபோல் அக்குழியில் சிறு மூலக்கூறு பொருந்துகிறது என்னும் உவமையை 1894இல் கூறியவர் எமில் பிஷர். இப்பொருத்தத்தைக் கணிப்பொறியால் தேடும் முறையை 1982இல் கலிபோர்னியாவில் கண்ட்சு என்பாரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். கணிப்பொறி, மூலக்கூற்றைக் குழிக்குள் வைத்து, ஆயிரக்கணக்கான நிலைகளில் திருப்பிப் பார்க்கிறது. மின்னேற்றங்களின் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, அணுக்களின் மோதல் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் இடுகிறது.

அம்மதிப்பெண் தேர்வின் முடிவன்று. நுழைவுச் சீட்டு மட்டுமே. கீழாநெல்லியிலுள்ள ஜெரானின் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். அது பெரிய மூலக்கூறு. பற்றிக்கொள்ளும் கைகள் பல உடையது. ஆகவே கணிப்பொறி அதற்கு உயர்ந்த மதிப்பெண் அளிப்பது எளிது. ஆனால், உண்டபின் அது குடலிலேயே எலாஜிக் அமிலம் முதலியனவாகச் சிதைகிறது. குழியை அடையாத சாவி எவ்வளவு பொருந்தினும் பயன் யாது?

மனிதரிடம் நடந்த சோதனையைக்கூட மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சட்காமாலைக் கிருமியை உடலில் தாங்கியிருந்தோருக்குச் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லித் தூள் கொடுத்துச் சோதித்தனர். அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் அவ்வாய்வில் பங்கு கொண்டார். தூள் உண்ட 37 பேருள் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 1988இல் வெளியான அம்முடிவு உலகையே நிமிர்ந்து பார்க்கச் செய்தது. ஆயினும், பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. மனிதரிடம் கண்டதற்கே இந்நிலை என்றால், திரையில் மட்டும் கண்ட பொருத்தத்தை மருந்தென்று கொள்ளுதல் தகுமா?

இதனால் முன்னோர் அறிவு பொய்யென்று ஆகாது. கணிப்பொறி வீணென்றும் ஆகாது. பல்லாயிரம் பொருள்களுள் எவற்றை முதலில் ஆராயலாம் எனக் காட்டும் சல்லடை அது. சலித்தபின் ஆய்வுக்கூடமும், விலங்குச் சோதனையும், மனிதச் சோதனையும் உள்ளன.

மஞ்சட்காமாலை ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். கிருமியாலும் பித்தக் கல்லாலும் எலிக்காய்ச்சலாலும் கண் மஞ்சளாகும். எது காரணம் என மருத்துவச் சோதனையே கூறும். பி வகைக் கிருமிக்கு எதிராக மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே, கண் மஞ்சளான பிள்ளையை முதலில் மருத்துவரிடம் கொண்டு செல்க என்று சொல்வதே ஆசிரியர் கடமை. கீழாநெல்லியின் பெருமையை வகுப்பில் சொல்லுவோம். அதன் பயனை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஆய்வுக்கு விடுவோம்.