மூன்றெழுத்து வால்

பெங்களூருவில் மல்லேஸ்வரத்தை அடுத்த இந்திய அறிவியல் கழகத்தில் ஒருவர் "பிடிபி ஃபைல் அனுப்புங்கள்" என்றால், அநேகமாகப் புரதத்தின் வடிவத்தைக் கேட்கிறார். எலக்ட்ரானிக் சிட்டியில் விண்டோஸ் மென்பொருள் எழுதுபவர் அதையே சொன்னால், நிரலில் பிழை தேட உதவும் கோப்பைக் கேட்கிறார். புள்ளிக்குப் பின் வரும் மூன்றெழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலாவது, புரோட்டீன் டேட்டா பேங்க். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. இன்று 2 லட்சத்துக்கும் மேல். அதே 1971இல்தான் இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் பெங்களூருவில் இந்த அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963இல் அவர் வெளியிட்ட வரைபடத்தை வைத்தும் அந்த வங்கிக்கு வரும் புரத வடிவங்களை இன்றும் சரிபார்க்கிறார்கள். நம் ஊர் அறிவு அதில் கலந்திருப்பதால் இந்தக் கோப்பின் மேல் எனக்குத் தனிப் பிரியம். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்: அணுவுக்கு ஒரு வரி, அதில் அந்த அணு இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள். வரிக்கு 80 எழுத்து என்ற அளவு துளை அட்டைக் காலத்து மிச்சம்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் புரோகிராம் டேட்டாபேஸ். நிரல் எந்த வரியில் விழுந்தது என்று காட்டுவது இது. நோட்பேடில் திறந்தால் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் பெயர் தெரியும், மற்றதெல்லாம் கிறுக்கல். 1996இல் வந்த பாம் கையடக்கக் கருவிகளும் முகவரிகளையும் மின்னூல்களையும் இதே வாலோடு சேமித்தன.

ஒரே வால் இப்படிப் பலருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3. ஆங்கில எழுத்துகளில் மொத்தம் 17,576 சேர்க்கைகள்தான். எது யாருக்கு என்று பிரித்துக்கொடுக்கும் அலுவலகமும் இல்லை.

இதனால் வரும் சேதம் சத்தமில்லாதது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி கிட்; அதில் எவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் பட்டியல் கிட்இக்னோர். மைக்ரோசாஃப்டின் நிரலெழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவுக்கான மாதிரிப் பட்டியலில் இந்த வாலுள்ள கோப்புகளை விட்டுவிடச் சொல்லும் வரி உண்டு. அதை அப்படியே எடுத்துப் போட்ட திட்டத்தில் புரதக் கோப்புகளை வைத்து, எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்தால், எச்சரிக்கைகூட இல்லாமல் அவை விடுபட்டுப்போகும்.

ஆராய்ச்சித் தரவை கிட்டில் வைத்திருப்பவர்கள் இன்றே அந்தப் பட்டியலைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.