பேட்டரி மேல் பழி போடும் முன்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசிடரின் உற்பத்தி மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014-ல் நின்றுபோனது. ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழகிய சோதனை இது: காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. “பேட்டரி வீக் சார்” என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். பல நேரம் அது வீண் பழி.

முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். 12.6 இருந்தும் வண்டி மக்கர் செய்தால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரியையோ பூத்துப்போன டெர்மினலையோ சந்தேகப்படலாம். வெளிச்சம் அப்படியே இருந்து ‘டக்’ மட்டும் கேட்டால், சொலினாய்டு காண்டாக்ட், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ், எஞ்சின் எர்த் ஆகியவற்றில் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

எஞ்சின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது என்பதால் எஞ்சினையும் பாடியையும் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இணைக்கிறது. செல்ஃப் இழுக்கும் சுமார் 150 ஆம்பியரும் அதன் வழியேதான் திரும்பியாக வேண்டும். துருவும் கிரீஸும் சேர்ந்து அங்கே வெறும் 0.02 ஓம் தடை வந்தால்கூட, 150 ஆம்பியருக்கு 3 வோல்ட் காலி! பட்டை அறுந்தே போனால் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாயப் பார்க்கும். கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ எர்த் போய்விட்டது என்று அர்த்தம்.

மீட்டரைப் ‘பீப்’ அடிக்கவிட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. ஒற்றைச் செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கிறார் என்பதற்காக அதில் தேர் போய்விடுமா? மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வையுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மறுமுனை எஞ்சினின் வெற்று இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்டென்சர் செத்திருந்தால் பாயின்டில் பொறி பறக்கும்; பிளக்கில் சோர்ந்துவிடும். மழைக்காலத்தில் மூடியின் உள்ஈரத்தைத் துடைத்தாலே சில வண்டிகள் பிடித்துக்கொள்ளும்.

புதுப் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கும் முன், நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தச் செம்புப் பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.