சைக்கிளுக்காக லென்ஸ் போடுகிறீர்களா? முதலில் சீட்டும் பில்லும் வாங்குங்கள்

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியைச் சுற்றி விடிகாலையில் சைக்கிள் மிதிக்கும் கூட்டம் கொஞ்ச காலமாகக் கூடியிருக்கிறது. திருமங்கலம் – ராஜபாளையம் சாலையானாலும் சரி, பேரையூர் சாலையானாலும் சரி, ஹெல்மெட் தலைகள் தென்படுகின்றன. நல்ல விஷயம்தான். இவர்களில் கண்ணாடி போடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். வேர்வையில் கண்ணாடி மூக்கை விட்டு வழுக்கும். குனிந்து மிதிக்கும்போது பார்வை ஃபிரேமுக்கு மேலே போய்விடும். தூறல் விழுந்தால் எதிரே வருவது லாரியா மாட்டு வண்டியா என்றே தெரியாது. அதனால் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறுகிறார்கள். மாறட்டும். அவர்கள் மாறுகிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கண்ணாடிக் கடை கொடுத்த சீட்டில் இருக்கும் பவரை அப்படியே போனில் தட்டி லென்ஸ் வரவழைக்கிறார்கள். ஒரு மாத லென்ஸை "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று மூன்று மாதம் போடுகிறார்கள். வழியில் பம்ப்செட்டில் முகம் கழுவும்போது லென்ஸையும் அதே தண்ணீரில் அலசுகிறார்கள். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய், "அண்ணே, கண்ணு உறுத்துது, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்கிறார்கள். அவரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போன காட்சிகள் இவை.

மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு இதில் ஆபத்து அதிகம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு, புண்ணுக்கு முன்பு கண்ணில் ஏதோ பட்டுக் கீறல் விழுந்திருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் அளவுக்குக் காரணம் பூஞ்சை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று இன்னொரு கணக்கீடு சொன்னது. ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க மாவட்டத்தில் வந்ததைப் போல் பத்து மடங்கு. இங்கே புண்ணோடு வந்தவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். தூசியும் பயிரும் மரத்துண்டும் பட்டவர்கள். அந்தப் பூஞ்சை நம் கரிசல் புழுதியிலும் சோளத்தட்டையிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆடிக் காற்றில் அந்தப் புழுதிக்குள் லென்ஸோடு சைக்கிள் ஓட்டப் போகிறவர் அதை மறந்துவிட்டு ஓட்டக் கூடாது.

லென்ஸ் வாங்கும் முறையில் தொடங்குவோம். கண்ணாடிச் சீட்டு லென்ஸ் சீட்டு ஆகாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. பவர் 4-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். மைனஸ் 6 கண்ணாடிக்காரருக்கு லென்ஸ் ஏறத்தாழ மைனஸ் 5.50தான். சிலிண்டர் பவர் உள்ளவருக்கு டோரிக் லென்ஸ் வேண்டும். அது கண்ணுக்குள் சுழன்றுவிடாமல் நிற்கிறதா என்று உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். கருவிழியின் வளைவை அளந்து, லென்ஸைப் போட்டுவிட்டு, ஸ்லிட் லாம்ப் என்ற உருப்பெருக்கியில் அது இமைக்கும்போது சரியாக நகர்கிறதா என்று பார்க்காமல் லென்ஸ் கொடுப்பவர் கண் மருத்துவமும் செய்யவில்லை, கடையும் ஒழுங்காக நடத்தவில்லை.

எழுதித் தரும் சீட்டில் இவை இருக்க வேண்டும்: லென்ஸ் பவர், வளைவு அளவு, விட்டம், லென்ஸின் பெயர், எத்தனை நாளில் மாற்ற வேண்டும், சீட்டின் தேதி. சீட்டைக் கேட்டால் "நம்ம கடையிலேயே வாங்கிக்கலாம் சார்" என்று மழுப்புவார்கள். விடாதீர்கள். பணம் கொடுத்துப் பரிசோதனை செய்துகொண்டவருக்கு அந்தத் தாள் சொந்தம். மருத்துவரிடம் பார்த்திருந்தால் இன்னும் வலுவான பிடி உண்டு: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி, மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

பெட்டியைப் பாருங்கள். லென்ஸ் இப்போது சட்டப்படி மருத்துவச் சாதனம். 2017 மருத்துவச் சாதன விதிகள் அதற்குப் பொருந்தும். பெட்டியில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்நாட்டுச் சரக்கானால் உற்பத்தி உரிம எண், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரியும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவச் சாதனம் விற்கிற கடைக்கு எம்.டி.-42 என்ற பதிவுச் சான்றாவது மருந்து விற்பனை உரிமமாவது வேண்டும். கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும். பில்லில் லென்ஸின் பெயரும் பேட்ச் எண்ணும் வர வேண்டும். "ஆப்டிகல் பொருள்" என்று ஒற்றை வரியில் எழுதிய பில் நாளைக்கு எதற்கும் உதவாது. பெட்டியையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்த பிறகு பேட்ச் எண் தேடி அலைந்து பயனில்லை.

சைக்கிளுக்கு ஒரு நாள் லென்ஸ்தான் என் பரிந்துரை. காலையில் புதியது, வீடு திரும்பியதும் குப்பை. டப்பா கழுவும் வேலையில்லை, கரைசலில் ஊற வைக்கும் தொல்லையுமில்லை. செலவு அதிகம் என்றால் ஓட்டும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டு மற்ற நாள் கண்ணாடி போடலாம். கடின வகை லென்ஸ் இந்த ஊர்ப் புழுதிக்கு லாயக்கில்லை. ஒரு தூசி அடியில் போனால் ஓட்டுபவர் சாலையிலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவார்.

பழகுவதில்தான் அவசரம் காட்டுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் லென்ஸ் வாங்கி, ஞாயிறு காலை ராஜபாளையம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம்! முதல் நாள் வீட்டிலேயே நாலு மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டோ கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மருத்துவர் வேறு கணக்கு சொன்னால் அதுதான் கணக்கு. லென்ஸ் கண்ணில் இருப்பதே மறந்துபோகிற நிலை வந்த பிறகு, வண்டி நடமாட்டம் இல்லாத தெருவில் ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலை கடைசியில். தானே போடவும் கழற்றவும் கை பழகாமல் கடையை விட்டு வெளியே வரவே கூடாது. லென்ஸ் கண்ணின் பின்பக்கம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது, அங்கே வழியில்லை. இமைக்கடியில் மடங்கி ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். நகத்தை வெட்டுங்கள். தினமும் ஒரே கண்ணில் தொடங்குங்கள், இடது வலது மாறாது. உட்புறம் வெளியே திரும்பியிருக்கிறதா என்று விரல் நுனியில் வைத்து ஓரத்தைப் பாருங்கள்: கிண்ணம் போல நேராக நின்றால் சரி, ஓரம் தட்டு போல விரிந்தால் திரும்பியிருக்கிறது.

ஓட்டும்போது எதிர்காற்றில் இமைப்பது குறையும், லென்ஸ் காய்ந்து இறுகும், பார்வை மங்கும். அதற்காகத்தான் பக்கவாட்டையும் மூடும் பவரில்லாத சைக்கிள் கண்ணாடி. பகலுக்கு நிறமுள்ளது, விடிகாலைக்கும் இரவுக்கும் வெள்ளை. லென்ஸ் போட்டால் கண்ணாடியே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பூச்சியும் ஜல்லி லாரித் தூசியும் லென்ஸைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. பையில் பழைய பவர் கண்ணாடி, ஒரு ஜோடி மாற்று லென்ஸ், ஒருமுறை உபயோகிக்கும் உப்புநீர்ச் சொட்டுக் குப்பி, கொஞ்சம் சோப்பு. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொன்று: தூரப் பார்வைக்கான லென்ஸ் போட்டதும் கிட்டத்தில் எழுத்து மங்கும். பஞ்சர் ஒட்டும்போது ட்யூப் ஓட்டை தெரியவில்லை என்று சைக்கிள் கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.

தண்ணீர். இதைக் கொட்டை எழுத்தில் போட ஆசை. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கிணறு, கண்மாய், கையிலிருக்கும் குடிநீர் பாட்டில், எதுவும் லென்ஸில் படக் கூடாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் சாதாரணத் தண்ணீரில் வாழ்கிறது. அது கருவிழிக்குள் புகுந்தால் மாதக் கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும், வலி தாங்க முடியாது. லென்ஸோடு கிணற்றில் குதிக்காதீர்கள். ஓட்டி முடித்து, லென்ஸைக் கழற்றி, அதன் பிறகு முகம் கழுவுங்கள். கிரீஸ் கையோ, மிளகாய்ப் பொடி பட்ட கையோ, சன்ஸ்கிரீன் தேய்த்த கையோ லென்ஸைத் தொட வேண்டாம். வழியில் கண் உறுத்தினால் சோப்பில் கை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு கழற்றி, பவர் கண்ணாடியில் ஓட்டுங்கள். எச்சிலில் நனைத்து மறுபடி போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல நாகரிகமான வார்த்தை என்னிடம் இல்லை. திரும்பும் பஸ்ஸில் லென்ஸோடு தூங்காதீர்கள். மாத லென்ஸ் போடுகிறவர் பழைய கரைசல் மேலேயே புதியதை ஊற்றக் கூடாது. டப்பாவை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். கரைசலிலேயே கோளாறு வந்ததும் உண்டு. 2006-இல் பூஞ்சைத் தொற்றோடு தொடர்பு காணப்பட்டதால் ஒரு பெரிய நிறுவனத்தின் ரீநியூ மாய்ஸ்ச்சர்லாக் கரைசல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. பேட்ச் எண்ணை எழுதி வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, நீர் வடிந்தால் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அதைக் குப்பையில் போடாதீர்கள். டப்பா, கரைசல் பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே ஒரு கவரில் கட்டிக்கொண்டு அன்றே கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் அதிலிருந்தும் கிருமியைச் சோதிக்க முடியும். கருவிழிப் பிரிவு உள்ள இடம் வேண்டும்: மதுரை அண்ணா நகர் அரவிந்த், அல்லது கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையின் கண் பிரிவு. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டினால், "நான் லென்ஸ் போடுகிறவன், சாயம் வைத்துக் கருவிழியில் புண் இருக்கிறதா பாருங்கள்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். புண் என்றால் சுரண்டி எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. பார்த்த மாத்திரத்தில் எது என்று சொல்வது அனுபவசாலிக்கே கடினம்.

மெடிக்கல் ஷாப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இதில் எது சேர்ந்த சொட்டு மருந்தானாலும் ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பு குறையும், வலியும் குறையும். "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் விடுவதும் இதே ரகம்தான். அப்பத்தா சொன்னாலும் வேண்டாம்.

இனி எங்கே புகார் கொடுப்பது. உரிம எண் இல்லாத லென்ஸ், காலாவதியான லென்ஸ், சீட்டில்லாமல் விற்ற ஸ்டீராய்டு, இவையெல்லாம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வேலை. மதுரையில் உள்ள உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் பில் நகல், பெட்டியின் போட்டோ சேர்த்து எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். "ஆய்வாளர் கேம்ப் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரம் போக வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டே திரும்புங்கள். லென்ஸாலோ கரைசலாலோ பாதிப்பு வந்தால் தேசிய அளவில் பதிவு செய்ய 2015 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவரையும் அதற்கான படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். அப்படி ஒரு படிவம் இருப்பதே பல ஆஸ்பத்திரிகளுக்கு ஞாபகமில்லை.

இழப்பீடு வேண்டுமானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ். பிறகு மனு, பிரமாணப் பத்திரம், பில், லென்ஸ் சீட்டு, பெட்டியின் போட்டோ, ஆஸ்பத்திரிக் குறிப்பு, கிருமிச் சோதனை முடிவு. கருவிழி மருத்துவர் ஒருவர், லென்ஸுக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பை எழுதித் தந்தால்தான் வழக்குக்கு முதுகெலும்பு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்குகிறவர்கள் அந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

இழப்பீடு வந்தாலும் வராவிட்டாலும் அரசு கணக்கு ஒன்று உண்டு. ஒரு கண் அடியோடு போய், மற்றது நன்றாகத் தெரிந்தால் மாற்றுத்திறன் அளவு 30 சதவீதம்தான். சலுகைகளுக்கு வேண்டியது 40.