சொல்லு ஒண்ணு... கதை ஒண்ணு!

"சார், அடிஷனல் ஷீட்!" பின் பெஞ்சிலிருந்து குரல்.

வாட்ச்சைப் பார்த்தேன். 10.20. என் தாளைப் பார்த்தேன். ரெஜிஸ்டர் நம்பர் அழகாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு கோடு போட்டேன்.

கதை அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேருக்கு நடந்த கதை. ஆனா, அந்த நொடியில அடிவயித்துல குபுக்னு ஒண்ணு கிளம்புமே, அதுக்கு என்ன பேர்? 'பயம்'னு சொன்னா பொருந்தலை. பாம்பைப் பார்த்தாலும் பயம்தான். 'பொறாமை'? கொஞ்சம் இருக்கு, ஆனா அது மட்டும் இல்லை. அகராதியில தேடிப் பிரயோஜனம் இல்லை. நாமளே செஞ்சுக்குவோம். ஷீட்டு, அச்சம் ரெண்டையும் சேர்த்தா... ஷீட்டச்சம்!

இதுதான் ஆட்டம். பேர் இல்லாத ஓர் உணர்ச்சியைப் பிடிக்கணும். அதுக்குப் புதுசா ஒரு சொல் கட்டணும். அர்த்தத்தை அகராதி பாணியில சொல்லாம, குட்டிக்கதையாச் சொல்லணும். செலவு: ஒரு பேனா, ஒரு பேப்பர். கடைசி பெஞ்சு கிடைச்சா இன்னும் வசதி.

பெரிய மனுஷங்களும் ஆடிய ஆட்டம்!

வேலையத்த வேலைன்னு நினைக்காதீங்க. 'செரண்டிபிட்டி' தெரியும்தானே? எதையோ தேடப் போய், தேடாத நல்லது ஒண்ணு கையில சிக்குறது. 1754 ஜனவரியில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பிறந்த சொல் அது. விளக்கம் சொல்வதைவிட, சொல் வந்த கதையைச் சொன்னால்தான் உனக்கு நன்றாகப் புரியும் என்று நண்பரிடம் அவரே ஒப்புக்கொண்டு கதைக்குப் போய்விட்டார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர் கதை அது. செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். வலப்பக்கம் நல்ல புல் இருந்தும், இடப்பக்கப் புல் மட்டுமே மேயப்பட்டிருப்பதை ஓர் இளவரசர் பார்க்கிறார். 'வலக்கண் தெரியாத கோவேறு கழுதை ஒன்று இந்த வழியாகப் போயிருக்கிறது' என்று கண்டுபிடிக்கிறார். ஒரே ஒரு காட்சிதான். 250 வருஷம் தாண்டியும் சொல் உயிரோடு இருக்கு!

'ரோபோ'வும் அப்படித்தான். செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் வந்த சொல். யோசனை சொன்னது அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. அந்த நாடகம் இல்லாம அந்தச் சொல் மட்டும் தனியா உலகம் சுத்தியிருக்குமா, சொல்லுங்க?

மூணே விதி!

ஒண்ணு: முதல்ல உணர்ச்சி, அப்புறம்தான் சொல். சொல்லை வெச்சுக்கிட்டு உணர்ச்சியைத் தேடினா, செருப்புக்கு ஏத்த மாதிரி காலை வெட்டின கதையாயிடும்.

ரெண்டு: சொல் வாயில நிக்கணும். 'மின்னஞ்சல்' நின்னுடுச்சு. 'செல்லிடப்பேசி'யை டீக்கடை அரட்டையில யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

மூணு: கதைக்குள்ள அந்தச் சொல் வரவே கூடாது. விளக்கமும் கூடாது. அளவு? 1987-ல் கலிஃபோர்னியாவின் 'நியூ டைம்ஸ்' வார இதழ் 55 வார்த்தைக் கதைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. தமிழில் சுஜாதா இந்த மாதிரிச் சிற்றஞ்சிறு கதைகளை வாசகர்களிடம் பிரபலமாக்கினார். நமக்கும் 55 போதும்.

இப்போ ரெண்டு சாம்பிள்.

பின்கூச்சம்

கேட்டில் மஞ்சப்பையோடு அப்பா. "யாருடி அது?" என்றாள் தோழி.

"எங்க ஊர்க்காரர்."

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. பையை நீட்டினார். "இந்தாம்மா, உங்கப்பா குடுத்துவிட்டாரு."

முறுக்கு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவள் சாப்பிடவில்லை.

பசிப்பொய்

"நீங்க போங்கடா, எனக்குப் பசிக்கலை" என்றான் செல்வம். மெஸ் பில் கட்டாமல் மூன்றாவது நாள்.

நான்காம் நாள் ரூம்மேட் பார்சலோடு வந்தான். "ரெண்டு பரோட்டாவுலயே வயிறு ஃபுல்லுடா. மிச்சத்தை நீ முடிச்சிடு."

செல்வம் பொட்டலத்தை வாங்கினான். கடையில் கட்டிய நூல் அப்படியே இருந்தது.

கவனிச்சீங்களா? ரெண்டாவது கதையில பொய் ஒண்ணு இல்லை, ரெண்டு. சொன்ன ரெண்டு பேருக்குமே அடுத்தவன் சொல்றது பொய்னு தெரியும். இதையே 'வறுமையை மறைக்கச் சொல்லும் பொய்'னு எழுதியிருந்தா, படிச்சுட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பீங்க.

பேர் இல்லாத வரைக்கும், நமக்கு மட்டும்தான் இப்படி நடக்குதுன்னு தோணும். அப்பாவை ஊர்க்காரர் ஆக்கினதை யார்கிட்ட போய்ச் சொல்ல முடியும்? ஆனா அந்தக் கூச்சத்துக்கு ஒரு பேர் வெச்சு, நாலு வரிக் கதையா நோட்டீஸ் போர்டுல ஒட்டிப் பாருங்க. "அட, உனக்குமா?"ன்னு ஒருத்தர் பக்கத்துல வந்து உட்காருவார். நீங்க கட்டின சொல் பாஸா ஃபெயிலாங்கிறதுக்கு அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

சரி, பேனாவை எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. இன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "நீங்க போங்கடா"ன்னு யாராவது சொல்றாங்களான்னு கொஞ்சம் காதைத் தீட்டி வெச்சுக்குங்க.