மாத்திரை அட்டையின் இரண்டாவது பெயர்

செவ்வாய்க்கிழமை என்றால் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளின் நாள். ராதாபுரம் வட்டாரத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேப்பமர நிழலில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பனைகளுக்கு அப்பால் காற்றாடிகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

“ஏ பிள்ள, மாத்திர ஒழுங்கா போடுதியா?” என்றார் செவிலியர்.

“போடுதேன் சிஸ்டர்.”

“எங்க போடுதா? கொமட்டுதுன்னு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. நேத்துதான் என் கையில ஆம்பிட்டுது” என்றார் கூட வந்திருந்த மாமியார்.

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தாள். செவிலியர் மட்டும் சிரிக்கவில்லை. “வெளிக்குக் கருப்பாப் போவும், பயப்படாத. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடு. டீத்தண்ணி குடிச்ச கையோட மட்டும் போடாத, சத்து ஒட்டாது.”

அவர் கையிலிருந்த சிவப்பு மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு பெயர்கள். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள், பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். ரத்தத்துக்கு இரும்பு என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். இரண்டாவது பெயர் எதற்கு என்று பெஞ்சில் கேட்டேன். “அதுவும் ஏதோ சத்துதாம்” என்றார் ஒருவர். சரியான பதில்தான். ஆனால் அந்த ‘ஏதோ’வைத் தேடி ஒரு பெண் பம்பாய்க்கும் குன்னூருக்கும் சென்னைக்கும் அலைந்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லூசி வில்ஸ் 1888 மே 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1914இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர் உலகப் போர் மூண்டதும் அங்கே தாதி வேலை பார்த்தார். அதன் பிறகுதான் மருத்துவம் படிக்கும் எண்ணம் வந்தது. லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து 1920இல் தேறியபோது வயது 32. நம் பக்கத்தில் என்றால், “இந்த வயசுக்கு மேல எதுக்கு இது?” என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். அவரோ டாக்டராகி கிளினிக் வைக்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

1928இல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. இங்கே பெண்களுக்கான மருத்துவப் பணியில் பல்லாண்டு இருந்த மார்கரெட் பால்ஃபோர், பிரசவத்தில் தாய்மார்கள் சாவது ஏன் என்ற ஆய்வில் சேர அவரை அழைத்தார். லூசி பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் தாராவியில் ஊரையே கட்டிக்கொண்ட அதே பம்பாய். அங்கே பஞ்சாலைக் கூலிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் வெளிறி, மூச்சு வாங்கி, சாவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு வந்தது வழக்கமான ரத்தசோகை இல்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். இவர்கள் ரத்தத்திலோ சிவப்பணுக்கள் பெருத்துக் கிடந்தன. பத்து இட்லிக்கான மாவை நாலே இட்லியாக ஊற்றி வைத்த மாதிரி, அளவு பெரிது, எண்ணிக்கை குறைவு. அணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் உடம்பில் இல்லை. அது என்ன?

இந்த இடத்தில் லூசி செய்த காரியம்தான் என்னைக் கவர்ந்தது. தல்பாடே என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். அந்த ஆய்வு 1930இல் வெளிவந்தது. வியாதியைப் பற்றி நோயாளியிடம் கேட்பவர் ஆயிரம் பேர் உண்டு. “நேத்து ராத்திரி என்ன சமைச்சே?” என்று கேட்ட டாக்டர் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வசதியான வீட்டுப் பெண்களை அவ்வளவாகத் தொடாத இந்த நோய் ஏழைகளை, குறிப்பாக ஏழை முஸ்லிம் பெண்களைத் தேடிப் பிடித்தது. அவர்கள் தட்டில் கீரை, பழம், பால் எல்லாம் அருகியே இருந்தன.

இதற்கிடையில் 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து, ஏழைகளின் அந்தச் சாப்பாட்டையே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை பிடித்தது. ஈஸ்ட் கலந்து கொடுத்தால் பிடிக்கவில்லை. ஆய்வு முடிந்தது என்று நினைத்தால், எலிகளின் உடம்பில் பேன் இருந்ததும், அது பரப்பும் தொற்றே சோகையை உண்டாக்கும் என்பதும் தெரிந்தது. அத்தனை உழைப்பும் சந்தேகத்துக்கு உள்ளானது. விட்டுவிட்டுப் போகாமல், குரங்குகளை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஆராய்ச்சி வாழ்க்கையில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

1931 தொடக்கத்தில் அவர் வேலை பார்த்த இடம் நமக்கு நெருக்கமானது. சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. சாதிக் கட்டுப்பாட்டாலும் கோஷா முறையாலும் ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்களுக்காக 1885இல் தொடங்கியது. மேரி ஷார்லீப் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர். சென்னைவாசிகள் வாயில் இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

அந்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூசியின் கட்டுரை வந்தது. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்தச் சோகை குணமாகிறது என்பதுதான் செய்தி. மார்மைட் ஒன்றும் மருந்துக்கடைச் சரக்கு இல்லை. பீர் வடித்த பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்பது, விலை மலிவு. (கள்ளுப் பானையின் அடிமண்டியைப் பார்த்து வளர்ந்த பனங்காட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) அப்போது பெயர் பெற்றிருந்த கல்லீரல் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்தால் இந்தப் பெண்களுக்குக் கேட்கவில்லை, சுத்திகரிக்காத சாறு கேட்டது. ஆக, தெரிந்த மருந்துப் பொருள் வேறு, இது வேறு. பெயர் தெரியாத அந்தப் பொருளை ‘வில்ஸ் காரணி’ என்று உலகம் அழைத்தது.

பெயர் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. 1941இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நாலு டன் பசலைக்கீரையை வடித்துப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் லெடர்லி ஆய்வுக்கூடம் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கியவர். சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். ஃபோலிக் அமிலம் தீர்க்கும் நோய்களில் அதுவும் ஒன்று. லூசியும் சுப்பாராவும் சந்தித்ததாக எங்கும் நான் படிக்கவில்லை. மாத்திரை அட்டையில் இருவருடைய உழைப்பும் ஒன்றாகக் கிடக்கிறது.

1937இல் லூசி மறுபடி இந்தியா வந்தார். கடல்விமானத்தில் ஏறி, ஐந்து நாள் பயணித்துக் கராச்சியில் இறங்கினார். லண்டனில் காரை விட்டு சைக்கிளில் வேலைக்குப் போகிற ஆள், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று சோகையைத் தேடிப் போனார். 1964இல் காலமானார்.

இனி நம் கணக்கு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 44.4 ஆக இருந்தது கூடியிருக்கிறது. மாத்திரை இலவசம், செவிலியர் வீடு தேடி வருகிறார், மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் சத்துப் பெட்டகமும் கிடைக்கிறது. ஆனாலும் அட்டை அரிசிப் பானைக்குள் போகிறது. சோகைக்குக் காரணம் பல என்பது வேறு விஷயம். என் அபிப்பிராயம், மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறோம், எதற்கு என்று சொல்வதில்லை.

இன்னொரு குறை சமையலறையில் இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்கீரையில் ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம், உண்டு. ஆனால் அது நீரில் கரையும், நெடுநேரச் சூட்டில் அழியும். கீரையைக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் லூசி தேடிய பொருளில் பாதியைச் சாக்கடைக்கு ஊற்றிவிட்டோம்.

ஃபோலிக் அமிலத்தின் வேலை சோகையோடு முடிவதில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. முதுகுத்தண்டு, மூளைக் குறையோடு ஒரு பிள்ளையை ஏற்கெனவே பெற்ற தாய், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அடுத்த பிள்ளைக்கு அந்தக் குறை வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது. மூளையாகவும் முதுகுத்தண்டுவடமாகவும் மாறும் குழாய் கருவில் மூடிக்கொள்வது ஏறத்தாழ 28ஆவது நாளில். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, “பிள்ள உண்டாயிருக்கு” என்று வீட்டில் சொல்வதற்குள் அந்த நாள் பெரும்பாலும் கடந்துவிடும். நான்காம் மாதத்தில் தொடங்கும் சிவப்பு மாத்திரை அதற்கு உதவாது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம்.

உங்கள் வீட்டில் புதுமணப் பெண் இருந்தால், வளைகாப்புக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமையே அவளை அழைத்துப் போய், ஃபோலிக் அமில மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.